வயலின் வரிசையிலிருந்து: டிரம்பெட்டும் ஸ்ட்ரிங்ஸும் பிக் பேண்டும் சேர்ந்த ஜாஸ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

என் அக்கா மகன் ஒரு வருஷமாக டிரம்பெட் கற்றுக்கொள்கிறான். போன மாதம் ஒரு ஆல்பத்தை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டான். "மாமா, வாசிக்கிறவர் பிரமாதம். ஆனா பின்னாடி எதுக்கு இந்த வயலின் கூட்டம்? சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு."

நான் 22 வருஷம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவன். இரண்டாம் வயலின், மூன்றாவது வரிசை, உள்பக்க நாற்காலி. அதாவது பக்கத்தில் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருக்க, வில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளைப் புரட்டுகிற ஆள். அவன் கேட்டதும் கோபம்தான் வந்தது. போனை வைத்துவிட்டு யோசித்தபோது அவன் கேள்வியிலும் நியாயம் இருப்பது புரிந்தது. இந்த மாதிரி ஆல்பங்களில் பாதி நிஜமாகவே சோப்பு விளம்பரம்தான். மீதிப் பாதியை எப்படிக் கேட்பது என்று அவனுக்கு எழுதி அனுப்பியதைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து இங்கே தருகிறேன்.

அவன் அனுப்பியது டிரம்பெட்காரர் ஃப்ரெடி ஹப்பர்டின் 'தி பாடி அண்ட் தி சோல்'. 1963 மார்ச்சிலும் மே மாதத்திலும் பதிவானது, இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. பதிவு தொடங்கியபோது ஹப்பர்டுக்கு 24 வயது, முடிந்தபோது 25. இசைக்கோர்ப்பு செய்தவர், அதாவது எந்தக் கருவி எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதியவர், வெய்ன் ஷார்ட்டர். அவருக்கு 29. இருவரும் அப்போது ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் தினமும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள். டிராம்போன் கர்ட்டிஸ் ஃபுல்லர், பியானோ ஸீடர் வால்டன், பாஸ் ரெஜி வொர்க்மேன் எல்லோரும் அதே குழு. கூடுதலாகச் சாக்ஸபோனும் ஃப்ளூட்டும் வாசிக்கும் எரிக் டால்ஃபி. ஹப்பர்டின் மூச்சு எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் அவர் அவசரப்படுவார் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் அவருக்காக எழுதியது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கற்றுக்கொள்ள இந்த ஆல்பத்தைவிட வசதியானது கிடைக்காது என்பது என் எண்ணம். ஒரே ஆள், ஒரே டிரம்பெட், ஆனால் பின்னணி மூன்று விதம். சில பாடல்களில் 7 பேர் மட்டும். சிலவற்றில் பிக் பேண்ட், அதாவது ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு. சிலவற்றில் ஸ்ட்ரிங்ஸும், அதாவது வயலின், வியோலா, செல்லோ என்ற வில் கருவிகளின் வரிசையும், சேர்ந்துகொள்கிறது. அதனால் முதல் வேலை: அட்டைக் குறிப்பைப் படிக்காமல் முழுதாக ஒருமுறை கேட்டு, பாடல்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு எண்களை எழுதினால் போதும். தப்பாகப் பிரித்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் பிக் பேண்டுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் நடுவில்தான் குழப்பம் வரும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்று விதமான நுரையீரல்

இப்போது ஸ்ட்ரிங்ஸ் குவியலில் இருந்து மெதுவான பாடல் ஒன்றை எடுங்கள். கையை மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விரலைத் தூக்குங்கள். மெட்டையோ தாளத்தையோ கவனிக்க வேண்டாம். மூச்சு மட்டும்.

இதை ஏன் செய்யச் சொல்கிறேன் என்றால், இந்த வகை இசையின் சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. டிரம்பெட் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளக் குழாய். அதற்குள் உதட்டை அதிரவைத்துக் காற்றைத் தள்ள வேண்டும். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் பொதுவாகச் சில விநாடிகளுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நிறுத்தம் மறைக்க வேண்டிய குறை இல்லை. பேசுகிறவன் வாக்கியத்தை முடிப்பது போல, ஒரு சொற்றொடர் எங்கே முடிகிறது என்பதை மூச்சுதான் சொல்கிறது.

பிக் பேண்டும் மூச்சு விடுகிறது. ஆனால் கூட்டமாக. 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன் என்பது வழக்கமான கணக்கு. அந்த 13 பேரும் ஒரே கணத்தில் இழுத்து, ஒரே கணத்தில் ஊதுகிறார்கள். பிக் பேண்ட் சட்டென்று அடிக்கும்போது நெஞ்சில் படுகிற அந்தக் குத்து, வெறும் சத்தத்தால் வருவதில்லை. அதற்குச் சற்று முன்னால் 13 பேர் சேர்ந்து மூச்சு இழுத்த அமைதி இருக்கிறதே, அதனால் வருவது.

ஸ்ட்ரிங்ஸுக்கு மூச்சே தேவையில்லை. வில்லுக்கும் ஒரு நீளம் உண்டு, முனைக்குப் போனதும் திருப்பியாக வேண்டும் என்பது சரிதான். சாதாரணமாக வரிசையில் எல்லோருடைய வில்லும் ஒரே திசையில்தான் போகும். ஆனால் நீண்ட ஸ்வரம் வந்தால் நாங்கள் ஒரு திருட்டுத்தனம் செய்வோம். பக்கத்து ஆள் வில்லைத் திருப்பும் நேரத்தில் நான் திருப்ப மாட்டேன். ஆளுக்கு ஒரு நேரத்தில், யாருக்கும் தெரியாமல் திருப்புவோம். ஒரு நிமிஷம் நீண்டாலும் கேட்பவர் காதில் இடைவெளியே இல்லாத ஒற்றை ஸ்வரம் விழும். மேடையில் இருக்கும் கருவிகளில் பியானோவால்கூட முடியாத காரியம் அது. பியானோவில் தட்டிய கணத்திலிருந்தே ஸ்வரம் தேய ஆரம்பித்துவிடும்.

ஆக, மூச்சு விட்டே தீர வேண்டிய ஒருவன், சேர்ந்து மூச்சு விடும் ஒரு கூட்டம், மூச்சே விடாத இன்னொரு கூட்டம். இந்த மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இசைக்கோர்ப்பாளரின் தலைவலி. அக்கா மகனிடம் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

விரலைத் தூக்கிய இடங்களுக்குத் திரும்பப் போங்கள். டிரம்பெட் நிற்கும் அந்த இடைவெளிகளில் என்ன நடக்கிறது? மோசமான கோர்ப்பில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஸ்ட்ரிங்ஸ் ஓடிவந்து ஒரு பூவைச் செருகிவிட்டுப் போகும். பத்துக்குப் பத்து. அப்படி இருந்தால் அதுதான் சோப்பு விளம்பரம், அக்கா மகன் சொன்னது சரி. நல்ல கோர்ப்பில் பதில் வருவது சில இடங்களில் மட்டும். சில இடங்களில் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் அப்படியே நிற்கும், டிரம்பெட் விலகியதும் அது தெரிய வரும். ஆள் எழுந்து போனபிறகு பின்னால் இருந்த சுவர் தெரிவது போல. இன்னும் சில இடங்களில் ஸ்ட்ரிங்ஸும் நின்றுவிடும். அங்கே பாஸும் சிம்பலும் மட்டும் கேட்கும். அந்த வெறுமையை எழுதத்தான் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள், சும்மா இருக்கச் சொல்ல எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்?

டிரம்பெட்டை விட்டுவிட்டுக் கேட்பது

அடுத்த தடவை அதே பாடலை டிரம்பெட்டைக் கேட்காமல் கேளுங்கள். கொஞ்சம் கஷ்டம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை விட்டு இன்னொருவர் பேச்சைப் பிடிப்பது மாதிரி. ஹெட்போன் இருந்தால் நல்லது. 1963 காலத்து ஸ்டீரியோவில் கருவிகளை இடது, வலது என்று நன்றாகவே ஒதுக்கிவைப்பார்கள், அதனால் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கவனிக்க வேண்டியது: ஸ்ட்ரிங்ஸ் டிரம்பெட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? டிரம்பெட் வழக்கமாகப் புழங்கும் ஸ்தாயியும், வயலினின் கீழ்ப்பாதியும், செல்லோ உருக்கமாகப் பாடும் மேல்பாதியும் ஒன்றோடொன்று உரசுகிற இடங்கள். மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்தால் சண்டைதான். டிரம்பெட்டின் சத்தம் வயலினை விழுங்கிவிடும், அல்லது வயலினின் அதிர்வு டிரம்பெட்டின் சத்தத்தை மங்கலாக்கிவிடும். அதனால் எழுதுகிறவர் யாரையாவது நகர்த்தியாக வேண்டும். வயலினை இரண்டு மாடி மேலே ஏற்றிவிடலாம். அப்போது அது மெல்லிய வெளிச்சம் மாதிரி ஆகும், மெட்டு என்று காதில் விழாது. அல்லது வியோலாவையும் செல்லோவையும் அடியில் படுக்கவைத்துவிட்டு வயலினைச் சும்மா இருக்கச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. வயலின்காரன் சொல்கிறேன், வயலின் இல்லாத ஸ்ட்ரிங்ஸ்தான் டிரம்பெட்டுக்கு மிகப் பொருத்தம். வியோலாக்காரர்களிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒலியின் நிறத்தையும் பாருங்கள். வயலின் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மேல் சத்தத்தை அடக்கும் சின்ன ரப்பர் மியூட்டை மாட்டினால் சத்தம் பஞ்சு போலாகும். டிரம்பெட்காரரும் மியூட் மாட்டுவார், ஆனால் விளைவு நேரெதிர். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் பயன்படுத்திய ஹார்மன் மியூட், நடுவிலிருக்கும் தண்டை எடுத்துவிட்டு மைக்குக்கு மிக அருகில் வாசித்தால், ஊசிமுனை போல மெல்லிய, கொஞ்சம் சுருக்கென்று தைக்கிற சத்தம் வரும். பஞ்சு மேல் ஊசி. அந்தச் சேர்க்கையை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு எங்கே வந்தாலும் தெரிந்துவிடும். டிரம்பெட்டுக்குப் பதிலாக அதன் உறவுக்கருவியான ஃப்ளூகல்ஹார்ன் வந்தால் ஊசி போய்விடும். குழாயின் நீளம் ஒன்றேதான், ஆனால் உள்ளே கூம்பாக விரிந்துகொண்டே போவதால் குரல் உருண்டையாகிவிடுகிறது. ஸ்ட்ரிங்ஸோடு அது சுலபமாகக் கரையும். சுலபமாகக் கரைவதாலேயே சில நேரம் சலிப்பும் தரும்.

ஸ்விங் எங்களுக்கு வராது

இனி அடுத்த சோதனை. சற்று வேகமான பாடல் ஒன்றில், டிரம்ஸ்காரரின் பெரிய சிம்பலோடு காலைத் தட்டுங்கள். டிங், டிங்-க-டிங், டிங்-க-டிங். ஒரு அடிக்குள் இருக்கும் இரண்டு பாதிகளும் சமமாக இருக்காது, முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. வேகம் கூடக்கூட அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். இதுதான் ஸ்விங். தாளில் எழுத முடியாது. இரண்டையும் சமமாக எழுதிவைத்து, மேலே 'ஸ்விங்' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுவார்கள். ஜாஸ்காரர்கள் புரிந்துகொள்வார்கள். எங்களைப் போல மேற்கத்திய செவ்வியல் பயிற்சியில் வந்தவர்கள் தாளில் இருப்பதை அப்படியே சமமாக வாசித்து வைப்போம். அதை விட மோசம், ஸ்விங் மாதிரி வாசிக்க முயற்சி செய்வது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவில் பிக் பேண்ட் பாணியில் ஒரு பகுதி. ஸ்ட்ரிங்ஸுக்கு நான்கே நான்கு பார் (தாளச் சுற்று) ஸ்விங் வாக்கியம். எல்லோரும் தாளைப் பார்த்தபடி இராணுவ அணிவகுப்பு மாதிரி வாசித்தோம். கண்டக்டர் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் சோம்பலா வாசிங்க" என்றார். அடுத்த டேக்கில் சோம்பலாக வாசித்தோம், இப்போது எல்லோரும் ஆளுக்கொரு அளவு சோம்பல். மூன்றாவது டேக்கில் அவர் பேனாவை எடுத்து அந்த நான்கு பார்களிலும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை எழுதினார். பாட்டு உடனே சரியானது. அவமானமாக இருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் பல பழைய ஆல்பங்களில் ஸ்ட்ரிங்ஸ் ஏன் நீண்ட ஸ்வரங்களையே வாசிக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. டிரம்பெட்டில் நாக்கைத் தட்டினால் ஸ்வரம் பட்டென்று பிறக்கும். வில் தந்தியைப் பிடித்து அதிரவைக்க ஒரு நொடியின் சிறு துண்டாவது வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் பழகிய கூட்டம் கண்டக்டர் கை விழுந்த பிறகுதான் சத்தம் எழுப்பும். பாஸும் சிம்பலும் அதுவரை காத்திருக்காது. அதனால் ஸ்ட்ரிங்ஸ் எப்போதும் ஒரு முடி அளவு பின்தங்கிக் கேட்கும். நல்ல இசைக்கோர்ப்பாளர் அந்தப் பின்தங்கலைக் கணக்கில் வைத்து எழுதுவார்: ஓடுகிற வேலையைப் பிராஸிடமும் (டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளைக் கருவிகள்) சாக்ஸபோனிடமும் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரிங்ஸுக்கு நிற்கிற வேலையைத் தருவார். அல்லது வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் சுண்டச் சொல்வார். சுண்டினால் நாங்களும் பட்டென்று பிறப்போம்.

ஆகவே காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஸ்ட்ரிங்ஸ் வரும் இடத்தில் உங்கள் கால் தடுமாறினால் எழுதியவர் எங்களை நம்பியிருக்கிறார் என்று பொருள். தடுமாறாவிட்டால் அவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

உதடு

டிரம்பெட் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மற்றவர்களுக்காக. வயலின்காரன் மூன்று மணி நேரம் வாசித்தால் தோள் வலிக்கும், வாசிப்பு பெரிதாகக் கெடாது. டிரம்பெட்காரருக்கு உதடுதான் தந்தி. அது தசை, களைத்துவிடும். களைத்தால் முதலில் போவது மேல் ஸ்தாயி, அதற்கு அடுத்து மெல்லிய சத்தம். மெதுவான பாடல்தான் சுலபம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஸ்ட்ரிங்ஸோடு சேர்ந்த மெதுவான பாடலில் மெல்லிய, நீளமான ஸ்வரங்களே அதிகம். ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஒருமுறை நானே ஒரு டேக்கைக் கெடுத்தேன். டிரம்பெட் தனியாகக் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அருமையான டேக். நான் வில்லை இறக்கும்போது முனை ஸ்டாண்டில் பட்டு 'டிக்' என்றது. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாவது டேக்கில் வேறு யாரோ தப்பு செய்தார்கள். மூன்றாவதில் அந்த மனிதரின் கடைசி ஸ்வரம் உடைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, உதட்டைத் தடவிக்கொண்டு வெளியே போனார். வெளியானது நான்காவது டேக். இப்போதும் அதைக் கேட்டால் அந்த முடிவில் ஒரு ஜாக்கிரதை தெரிகிறது, முதல் டேக்கில் அது இல்லை.

அதனால் இப்படிப்பட்ட ஆல்பங்களில் நீண்ட ஸ்வரங்களின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். ஆரம்பத்தை எல்லோரும் கேட்போம். ஸ்வரம் எப்படி முடிகிறது, அதிர்வு எப்போது சேர்கிறது, நேராகப் பிடித்துவிட்டுக் கடைசியில்தான் நடுங்கவிடுகிறாரா, இல்லை தொடக்கத்திலிருந்தே நடுங்குகிறதா. ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுவது அங்கேதான்.

இதற்கு உயர்ந்த உதாரணம் வேண்டும் என்றால் டிரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுன். 1955 ஜனவரியில் நியூயார்க்கில், எமார்சி நிறுவனத்துக்காக, நீல் ஹெஃப்டியின் கோர்ப்பில் ஸ்ட்ரிங்ஸோடு 12 பாடல்கள் பதிவுசெய்தார். வயது 24. அடுத்த ஆண்டு ஜூனில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்த ஆல்பத்தை ஜாஸ் ரசிகர்கள் சிலர் இன்றும் மதிப்பதில்லை. அவர் கற்பனை ஸ்வரங்களை அள்ளிக் கொட்டவில்லை, மெட்டையே அதிகம் வாசிக்கிறார் என்பது புகார். ஸ்ட்ரிங்ஸும், நேர்மையாகச் சொன்னால், சில இடங்களில் சர்க்கரை. ஆனால் கூடவே டிரம்ஸில் மேக்ஸ் ரோச் இருக்கிறார். ஸ்ட்ரிங்ஸை ஒதுக்கிவிட்டு டிரம்பெட்டையும், குச்சிக்குப் பதிலாக ரோச் டிரம்ஸை வருடுகிற பிரஷ்ஷையும் மட்டும் கேட்டுப் பாருங்கள். மெட்டை அப்படியே வாசித்து, ஒரே ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதிப்பதில் எவ்வளவு சொல்ல முடியும் என்பது தெரியும். டிரம்பெட் மாணவர்கள் அந்த ஆல்பத்தை மனப்பாடம் செய்வது சும்மா இல்லை.

அப்புறம் எதைக் கேட்பது

வரலாறாக அடுக்கப் போவதில்லை. பின்னோக்கிப் போகலாம் என்றால் ஹாரி ஜேம்ஸ்: டிரம்பெட்காரர், தன் பிக் பேண்டுக்குள்ளேயே 1940களின் தொடக்கத்தில் ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்துக்கொண்டவர். நடனத்துக்கான இசை அது, ரொம்பத் தேட வேண்டாம், இரண்டு பாடல் போதும். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் 1949 நவம்பரில் ஸ்ட்ரிங்ஸோடு வாசித்த பதிவு நன்றாக விற்றது. அதன்பிறகு நிறுவனங்கள் இதே தோசையை எல்லோருக்கும் சுட ஆரம்பித்தன. டிரம்பெட்காரர் செட் பேக்கருக்கு 1954இல் ஒன்று வந்தது. இப்படி வந்தவற்றில்தான் விளம்பர வாசனை அதிகம்.

முன்னோக்கிப் போனால் அதே ஹப்பர்ட், 1971, 'ஃபர்ஸ்ட் லைட்'. கோர்ப்பு டான் செபெஸ்கி. வெளியிட்டது சிடிஐ என்ற நிறுவனம். 1963 ஆல்பத்தோடு இதை அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பயிற்சி. இரண்டுக்கும் பதிவுக்கூடம் ஒன்றே, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் கட்டிய, மரக்கூரை உயர்ந்து நிற்கும் கூடம். ஆனால் சிடிஐயின் வழக்கம் வேறு: ஜாஸ் குழுவை முதலில் பதிவு செய்துவிட்டு, பெரும்பாலும் ஸ்ட்ரிங்ஸைப் பிறகு மேலே சேர்ப்பார்கள். இதில் லாபம், ஸ்ட்ரிங்ஸ் டிரம்பெட்டின் ஒவ்வொரு திருப்பத்தையும் ஏற்கெனவே கேட்டுவிட்டு எழுதப்படுகிறது, அதனால் தைத்த சட்டை போலப் பொருந்தும். நஷ்டம், டிரம்பெட்காரர் வாசித்த நேரத்தில் ஸ்ட்ரிங்ஸ் அங்கே இல்லை, அதனால் அவர் எங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. உரையாடல் ஒருவழி. எனக்கு 1963தான் பிடிக்கும், ஆனால் 1971 ஆல்பத்துக்குத்தான் கிராமி கிடைத்தது, என் ரசனைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அடுத்து, டிரம்பெட்காரர் டெரன்ஸ் பிளான்சர்டின் 2007 ஆல்பம், 'எ டேல் ஆஃப் காட்ஸ் வில்'. கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் அவருடைய சொந்த ஊர். அந்தப் புயலைப் பற்றி இயக்குநர் ஸ்பைக் லீ எடுத்த ஆவணப்படத்துக்காக அமைத்த இசையிலிருந்து வளர்ந்தது. இங்கே ஸ்ட்ரிங்ஸ் மெத்தை விரிக்கவில்லை. மூச்சு விடாத அந்தக் கூட்டத்தை அவர் தண்ணீராகவே பயன்படுத்துகிறார் என்று எனக்குத் தோன்றும். டிரம்பெட் அதன்மேல் தலையைத் தூக்கி மூச்சு எடுப்பது கேட்கும். இதை இரவில், வேறு வேலை எதுவும் இல்லாதபோது கேளுங்கள். காரில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எந்த ஆல்பத்திலும் ஒவ்வொரு பாடலும் ஹார்ப் தந்திகளை வரிசையாக வருடும் சரிவோடு ஆரம்பித்து, வயலின்கள் உச்சியில் நடுங்க முடிந்தால், மூன்றாவது பாடலோடு நிறுத்திவிடலாம். அதற்குமேல் அதில் ஒன்றும் வராது. அந்த நடுக்கத்தை எத்தனையோ தடவை வாசித்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

அக்கா மகன் இரண்டு வாரம் கழித்து மூன்று குவியலோடு வந்தான். பெரும்பாலும் சரியாகவே பிரித்திருந்தான். சரி, இவன் தேறிவிட்டான் என்று நினைத்து ஒரு பரீட்சை வைத்தேன். மைல்ஸ் டேவிஸும் இசைக்கோர்ப்பாளர் கில் எவன்ஸும் சேர்ந்து செய்த 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்'. 1959 நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிந்த பதிவு, நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியாவின் 30ஆவது தெருக் கூடத்தில் நடந்தது. முதல் பாடல் ஸ்பானிய இசையமைப்பாளர் ரோட்ரிகோவின் கிடார் கான்செர்ட்டோவிலிருந்து எடுத்தது. "இதுல எத்தனை வயலின்னு எண்ணிச் சொல்லு" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "எட்டு இருக்கும் மாமா. பத்துகூட இருக்கலாம்."

"ஒண்ணுகூட இல்லை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அந்த மெத்து மெத்துன்னு கீழே இழுக்கிறது யாரு?"

ஃப்ளூட், ஓபோ, பஸ்ஸூன், ஃப்ரெஞ்ச் ஹார்ன், டியூபா. தந்தி என்று பார்த்தால் ஹார்ப்பும் பாஸும் மட்டும்தான், வில் வரிசையே கிடையாது. கில் எவன்ஸ் ஊதுகிற கருவிகளை வைத்தே அந்த மெத்தையை நெய்துவிட்டார். பிக் பேண்டுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் நடுவே காது குழம்புவதும் இதனால்தான்: மெதுவாக, தாழ்ந்த ஸ்தாயியில், மெல்லிசாக ஊதினால் பித்தளையும் வில் போலப் பேசும்.

"அப்ப எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

"விரலைத் தூக்கச் சொன்னேனே, டிரம்பெட்டுக்கு மட்டுமா தூக்கினே?"

"ஆமா."

"பின்னாடி இருக்கிறவங்களுக்கும் தூக்கிப் பாரு. அவங்களும் மூச்சு விடுறாங்க."

மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை வைத்துவிட்டான்.